மழை பெய்தால் ஆம்பியர்

போன மாதம் தேவா போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு ஈப்போ பட்டறையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

"அண்ணே, ஸ்டோர காலி பண்றோம். உங்க காலத்து ஸ்கோப் ஒன்னு மூலையில கெடக்கு. நாளைக்கு பழைய இரும்பு எடுக்குற பெசி புருக்காரன் வாரான், கிலோ கணக்குல தூக்கிருவான். ஒங்களுக்கு வேணுமா?"

"போட்டுப் பாத்தியா?"

"இல்லண்ணே. இப்ப யாரு அத போட்டுப் பாக்குறது."

"போட்டுப் பாரு. அங்க மழ பெய்யுதா?"

வயசானவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று தேவா யோசித்திருப்பான். "மழைக்கும் ஸ்கோப்புக்கும் என்னண்ணே?" என்று பணிவாகக் கேட்டான். அதைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தேவாவும் படிக்கட்டும், அவன் நாற்காலிக்கு அடுத்து வருகிறவனும் படிக்கட்டும்.

எங்கள் பட்டறையின் வேலை எளியது. தொழிற்சாலைகளில் இருந்து மீட்டர்கள் வரும். அவை உண்மை சொல்கின்றனவா பொய் சொல்கின்றனவா என்று சோதித்து, உண்மை சொன்னால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவோம். நான் சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். தொழிற்பள்ளி, ஒரு ரேடியோக் கடை, பிறகு இந்தப் பட்டறை. இதற்கு மேல் என் இளமையில் சொல்லும்படி எதுவும் இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன், என் மனைவி படிப்பாள்.

எங்கள் கண்காணிப்பாளர் மிஸ்டர் சவரிமுத்து. அவருடைய அப்பா ஒரு எஸ்டேட்டில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். எஸ்டேட்டில் விடியுமுன் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். தன் அப்பா லயத்து வரிசை வீட்டு ஜனங்களுக்குப் பெரட்டு கூப்பிட்டதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்த சவரி சார், குளிரூட்டிய அறைக்குள் எங்கள் ஐந்து பேருக்குத் தினமும் பெரட்டு நடத்தினார். நாங்கள் எல்லோரும் அவர் மூக்குக்கு எதிரேதான் நிற்போம். ஆனாலும் பேர் கூப்பிடுவார்.

"குணசேகரன்."

"சார்."

"ஃபாட்."

"இங்கதான லா நிக்கிறேன் சார். பாக்குறீங்கதான."

ஆ ஃபாட் எனக்குப் பக்கத்து மேசைக்காரன். மெங்கெலெம்புவில் பிறந்த சீனன். தமிழ் நன்றாகவே பேசுவான், ஏச்சு வார்த்தைகளை இன்னும் நன்றாகப் பேசுவான். அவன் சட்டைப்பையில் எப்போதும் ஆசாம் போய் இருக்கும், அந்த உப்பும் புளிப்புமான காய்ந்த பிளம். மேசையில் உட்கார்ந்து தின்னக்கூடாது என்பது சட்டம். சவரி சார் பேர் கூப்பிட்டு முடித்ததும் கைகளை நீட்டச் சொல்லி நகங்களைப் பார்ப்பார், பிறகு ஃபாட்டின் சட்டைப்பையைப் பார்ப்பார். ஃபாட் கன்னத்துக்குள் அதை ஒதுக்கிக்கொண்டு நேராக நிற்பான்.

அந்தப் பட்டறையின் ராஜா ஒரு ஆசிலோஸ்கோப். மற்ற எல்லாவற்றையும் சோதிப்பது அதை வைத்துத்தான். சிறிய அலமாரி அளவு இருக்கும். முன்பக்கம் திரை, திரைக்குக் கீழே இரண்டு பெரிய வாய்கள். அந்த வாய்களில் பிளக்-இன் என்ற பெட்டிகளைச் செருக வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே பிளக்-இன், அது எப்போதும் இடது வாயில் இருக்கும். வலது வாயை ஒரு தகட்டால் மூடி, நான்கு திருகுகள் போட்டு வைத்திருந்தோம்.

திரையில் அலை ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த ஸ்கோப்பின் விசேஷம், அலைக்கு மேலே "5 mV" என்று எழுத்திலும் காட்டும். இன்றைக்குக் கைப்பேசியில் எழுத்து வருகிற மாதிரி இல்லை அது. உள்ளே கணினி கிடையாது. திரையில் இருப்பது ஒரே ஒரு ஒளிப்புள்ளி. அலையை வரைவதும் அதுதான், எழுத்தை வரைவதும் அதுதான். மாமாக் டீக்கடையில் ஒரே ஆள் தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டே கல்லாவையும் பார்ப்பதுபோல, அலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு எழுத்தை எழுதிவிட்டு, யாரும் கவனிக்குமுன் திரும்பி வந்துவிடும்.

எந்த எழுத்தை எழுதுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. உள்ளே ஒரு எழுத்துப் பலகை இருக்கிறது. அது பிளக்-இன்னைப் பார்த்து, முதல் எழுத்து என்ன, இரண்டாம் எழுத்து என்ன என்று வரிசையாகக் கேட்கும். கேள்வி என்பது ஒரு கம்பியில் வரும் சின்ன மின்துடிப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு கேள்விக்கும் பிளக்-இன் இரண்டு சிறிய மின்னோட்டங்களைப் பதிலாக அனுப்பும். ஒன்று எத்தனையாவது வரிசை, இன்னொன்று அந்த வரிசையில் எத்தனையாவது வீடு. பலகைக்குள் எழுத்துகள் வாய்ப்பாட்டு அட்டை மாதிரி கட்டம் கட்டமாகக் குடியிருக்கின்றன. வரிசையும் வீடும் சேரும் இடத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ அது எழுந்து வரும். சில புள்ளிகளைக் கோட்டால் சேர்த்து ஒளிப்புள்ளி அதன் உருவத்தை வரையும். முதல் எழுத்து முடிந்ததும் ஒரு படி வலப்பக்கம் தள்ளி அடுத்த எழுத்து. இடது வாயில் இருக்கும் பிளக்-இன்னின் எழுத்துகள் திரையின் இடது மூலையில் வரும், வலது வாய் என்றால் வலது மூலையில்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். வோல்ட்டைக் குறிக்கும் V-யும் ஆம்பியரைக் குறிக்கும் A-யும் ஒரே வரிசையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். பதில் மின்னோட்டம் ஒரு துளி கூடினால் V-க்குப் பதிலாக A கதவைத் திறந்துவிடும்.

ஆயுத பூசைக்கு வருவோம். பட்டறையில் இந்துக்கள் மூன்று பேர், பூசை செய்வது என் பொறுப்பு. சவரி சார் பூசையைத் தடுத்ததில்லை, ஆனால் அதற்கும் ஒரு செய்முறை வகுத்திருந்தார். கருவிகளின் மேல் நேரடியாக எதையும் வைக்கக்கூடாது. முதலில் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும், டேப்பின் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பூசை முடிந்ததும் டேப்பை உரித்துவிட வேண்டும். சாமி ஒத்துக்கொள்ளுமா என்று நான் கேட்டேன். "ஒங்க சாமிகிட்ட பேசிக்கோ குணா, என்கிட்ட கேலிப்ரேஷன் பத்தி மட்டும் பேசு" என்றார்.

அந்த வருடம் பூசைக்கு மறுநாள் ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்து பார்வையாளர்கள் வருவதாக இருந்தது. அவர்களுடைய மீட்டர்கள் அனைத்தும் எங்களிடம் வருமா என்பது அன்று முடிவாகும். என் சொந்த விவகாரம் ஒன்றும் அதில் சிக்கியிருந்தது. அதுவரை நான் சோதித்த கருவிகள் எல்லாம் சவரி சார் பேரில்தான் போகும். சொந்த முத்திரை கிடைத்தால்தான் ஸ்டிக்கரில் என் பேர் வரும். அதற்கான சிபாரிசு மேனேஜர் மேசைக்குப் போயிருந்தது. எத்தனையோ வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். எஸ்டேட்டில் அப்பா வெட்டிய பாலை வாளியில் ஊற்றும்போது யார் வெட்டிய பால் என்று யாருக்கும் தெரியாது. நான் செய்த வேலையில் என் பேர் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது.

பார்வையாளர்கள் வந்தார்கள். வெளியே ஈப்போவின் வழக்கமான சாயங்கால மழை, கூரையில் கல் எறிவது மாதிரி. சவரி சார் டை கட்டிக்கொண்டு ஸ்கோப் பக்கத்தில் நின்றார். நல்ல ஆங்கிலத்தில், "இப்போது ஐந்து மில்லி வோல்ட் வைக்கிறேன், பாருங்கள்" என்றார். பார்த்தார்கள். திரையில் "5 mA" என்று இருந்தது.

பார்வையாளர்களில் ஒரு பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "ஆம்பியரா?" என்று கேட்டார். சவரி சார் ஸ்கோப்பின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் கையால் ஒரு கருவியைத் தட்டி நான் பார்த்தது அன்றுதான். A அசையவில்லை.

"ஹந்து லா," என்று ஃபாட் என் காதில் சொன்னான். பேய் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

மேனேஜர் ஒரு மலாய்க்காரர், அதிர்ந்து பேசமாட்டார். பார்வையாளர்கள் போன பிறகு அறைக்கு வந்து, என்ன காரணம், யார் காரணம் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார். என் முத்திரை விஷயம் அதுவரை நிற்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சவரி சார் பிளக்-இன்னை உருவினார். பின்பக்கம் இருந்த, பதில் மின்னோட்டம் போகும் தங்க முலாம் பற்களின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விபூதி," என்றார்.

"சார், டேப்பு மேலதான் வெச்சேன்."

"விபூதி டேப்புல ஒட்டுமா குணா? ஒதறும். உள்ள விழும்."

பூசைத் தட்டில் விபூதி இருந்தது, அதை எடுத்தவன் நான். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அறிக்கையில் என் பேர் போனால் முத்திரை போகும். ஆளையும் பேக்கிங் பிரிவுக்கு மாற்றுவார்கள். முத்திரை குத்த ஆசைப்பட்டவன் மிச்ச காலமெல்லாம் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு இருப்பேன்.

அடுத்த நாள் காலையில் ஒன்றைக் கவனித்தேன். வெயில் அடித்தது, ஏர்கான் ஓடியது. ஸ்கோப்பைப் போட்டேன், V. சாயங்காலம் மழை வந்தது. கதவைத் திறந்து வைத்தேன். V ஒருமுறை துடித்தது. பிறகு A. ஈரத்தில் உயிர் பெற்று மின்னோட்டத்தைக் கசியவிடுகிற பொருள் அந்த வெள்ளை. விபூதி அப்படிச் செய்யுமா? எனக்குத் தெரியவில்லை. எஸ்டேட்டில் நாங்கள் எதையும் தெரிந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. பிளக்-இன்னை உருவி, அந்த வெள்ளையை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தேன்.

"சார். உப்பு."

"உப்பா?" என்று சவரி சார் எழுந்து வந்தார். எல்லோருடைய கண்ணும் ஃபாட்டின் சட்டைப்பைக்குப் போனது.

ஃபாட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆசாம் போய் உப்பு மட்டுமா? புளிக்கும் லா. குடு, நான் பாக்குறேன்." அவனும் விரலில் எடுத்து நக்கினான். வாயைச் சப்புக் கொட்டி, கண்ணை மூடி, கடையில் சோயா வாங்குகிறவன் மாதிரி யோசித்தான். "புளிப்பு இல்ல. வெறும் உப்பு. நான் இல்ல."

அந்தப் பட்டறையின் விலை உயர்ந்த கருவியை இரண்டு பேர் மாறி மாறி நக்குவதைச் சவரி சார் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சுத்தம் பண்ணு. ஆனா உப்பு தானா நடந்து வராது குணா. வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். வேற ஆளு கெடைக்கலன்னா நான் ஒம் பேரத்தான் எழுதணும், பூச பண்ணவன் நீதான்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் கிராணி வீட்டுப் பிள்ளை. காலியாக ஒரு கட்டம் இருந்தால் அதில் ஏதாவது எழுதியாக வேண்டும்.

ஆல்கஹால் போட்டுப் பிளக்-இன்னையும் ஸ்கோப்பின் வாயையும் துடைத்தேன். காய வைத்தேன். மழை பெய்தபோது கதவைத் திறந்து வைத்து ஸ்கோப்பைப் போட்டேன். V கல்மாதிரி நின்றது. கோளாறு தீர்ந்துவிட்டது, குற்றவாளி மட்டும் நானாகவே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பத்து மணிக்கு மேனேஜர் வந்து ஸ்கோப்பைப் பார்ப்பார், அறிக்கையை வாங்கிக்கொள்வார். சவரி சார் மேசையில் அது தயாராக இருந்தது, என் பேரோடு. எங்களை வெளியே நிற்கச் சொன்னார். நான் கண்ணாடியை மேசையில் மறந்துவிட்டேன். எடுப்பதற்குத் திரும்பி வந்து கதவைத் தள்ளினேன்.

சவரி சார் ஸ்கோப்பின் முன் நின்றிருந்தார். கையில் மாதா உருவத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. மாதாவின் தலையில் இருந்த நீலக் கிரீடம்தான் மூடி, அது அவர் இடது கையில் இருந்தது. பிளக்-இன்னைப் பாதி வெளியே இழுத்து, அந்த இடுக்கில் சிலுவை அடையாளமாக மூன்று சொட்டு விட்டார். பிளக்-இன்னை உள்ளே தள்ளினார். கண்ணை மூடி உதட்டை அசைத்தார். கண்ணைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

இருவரும் திரையைப் பார்த்தோம். V துடித்தது. ஒரு நொடி V-யும் A-யும் ஒன்றன் மேல் ஒன்றாக நின்றன. பிறகு V தலைகீழாகக் கவிழ்ந்த மாதிரி A வந்து உட்கார்ந்தது.

"என்ன சார் அது?"

"தீர்த்தம். மாதா கோயில் தீர்த்தம்." குப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேனேஜர் வர்றாரேன்னு..."

"அன்னிக்கும் போட்டீங்களா சார்?"

"அவங்க வர்றதுக்கு முந்தி. நீங்கல்லாம் பூச பண்ணுனீங்க. எங்க பக்கத்துல இருந்தும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னு." பிறகு, "வெறும் தண்ணிதான குணா," என்றார்.

எனக்குப் பின்னால் இருந்து ஒரு கை நீண்டது. ஃபாட். "சார், கொஞ்சம் குடுங்க." உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கினான். "அதே உப்பு லா."

சவரி சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஃபாதர் உப்பு போட்டுத்தான் மந்திரிப்பாரு," என்றார். "எனக்குத் தெரியும். சின்ன வயசுல பூசைக்கு ஒத்தாச செஞ்சவன் நான். அந்த உப்புக் கிண்ணத்த தூக்கிப் புடிக்கிறதே நான்தான்."

மேனேஜரின் காலடிச் சத்தம் கேட்டது. சவரி சார் மேசைக்குப் போனார். பேனாவை எடுத்து அறிக்கையில் என் பேரை அடித்தார். ஒரே கோடு, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக. அதற்கு மேல் தன் பேரை எழுதினார். எனக்குக் கோபமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், இருக்கவில்லை. அவர் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது.

"காரணம் கெடச்சிருச்சு சார். உப்புத் தண்ணி. ஊத்துனது நான்," என்று மேனேஜரிடம் மலாயில் சொன்னார். குப்பியையும் காட்டினார். மேனேஜர் குப்பியைப் பார்த்தார். நான் உரிக்க மறந்திருந்த சந்தன டேப்பைப் பார்த்தார். பிறகு ஃபாட்டைப் பார்த்து, "நீயும் ஏதாவது வைத்தாயா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சார்," என்றான் ஃபாட்.

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எந்தச் சாமிக்கு உரியதாக இருந்தாலும் ஈரமான பொருள் அறைக்குள் வரக்கூடாது என்று ஒரு விதி மட்டும் வந்தது. சவரி சார் ஸ்கோப்பின் இடது வாயைத் தொட்டு எங்களிடம் சத்தியமே செய்தார்: "இந்த வாய்க்குள்ள இனிமே ஒரு சொட்டு விழாது." பார்வையாளர்கள் எப்படியோ மீட்டர்களை எங்களுக்கே அனுப்பினார்கள்.

சில வாரங்கள் கழித்து என் முத்திரை வந்தது. சின்னப் பெட்டி, உள்ளே ரப்பர் முத்திரை, என் பேர் திருப்பிப் போட்ட எழுத்தில். சவரி சார் எல்லோரையும் கேண்டீனுக்கு அனுப்பினார். "போய் டீ சொல்லுங்க, கறிபாப் என் கணக்கு. நான் பின்னால வாரேன்." டீ ஆறிய பிறகுதான் வந்தார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தது. கண்காணிப்பாளர் ஸ்குரூ டிரைவர் தொடுவது அதிசயம். ஃபாட் அதைக் கிண்டல் செய்தான். அவர் குனிந்து பார்த்து, ஏதோ தளர்ந்து கிடந்தது என்று சொல்லி அதைக் கால்சட்டைப் பைக்கு மாற்றினார். அன்று மாலை என் முத்திரை விழுந்த முதல் ஸ்டிக்கரை அந்த ஸ்கோப்பின் நெற்றியில் அவர் கையாலேயே ஒட்டினார்.

சவரி சார் இப்போது இல்லை. அவருடைய அடக்கத்துக்கு நானும் ஃபாட்டும் போயிருந்தோம். பேர் கூப்பிட ஆள் இல்லாமல் இருவரும் வரிசையில் நின்றோம்.

போன மாதம் ஸ்கோப் பற்றிக் கேட்ட அன்றே சாயங்காலம் தேவா திரும்பக் கூப்பிட்டான். பின்னால் மழைச் சத்தம்.

"அண்ணே, வெளக்கு எரியுது. பலே மெஷின் லா. ஆனா எடது பக்கம் கொக்கி ஒடஞ்சிருக்கு, பிளக்-இன் நிக்க மாட்டேங்குது. அதான் வலது பக்கத்து தகட்டக் கழட்டிட்டு அதுல போட்டேன்."

"கழட்டுனியா? அத யாருமே கழட்டுனதில்லையே."

"நாலு ஸ்குரூதாண்ணே. அஞ்சு மில்லி வோல்ட் குடுத்தேன். வலது மூலையில எழுத்து வருது. ஆனா..."

"ஆனா?"

"A காட்டுது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"உள்ள வெள்ளையா பூத்துக் கெடக்கு அண்ணே. தொடச்சிரவா?"

முதலில் சிரிப்புதான் வந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் பார்க்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். கேண்டீனில் டீ ஆறிப்போன அந்த நாளில், என் பேரில் முதல் ஸ்டிக்கர் போவதற்கு முன், அந்த மனிதர் ஆள் இல்லாத அறையில் நான்கு திருகுகளைக் கழற்றி எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார். சொன்ன சொல்லையும் மீறவில்லை. இடது வாயில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"அண்ணே? தொடச்சிரவா?"

"தொடாத," என்றேன். "தகட்ட மூடி நாலு ஸ்குரூவையும் போட்டு வை. நான் காடிய ஓட்டிக்கிட்டு இப்பவே வாரேன்."